அந்த காலேஜ் எப்படிண்ணே?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை என் கடையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் தாயோ தகப்பனோ. கையில் மஞ்சள் பை. அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், பிள்ளையின் போட்டோ. பிள்ளை பக்கத்தில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேள்வி பெற்றவர்களுடையது. பதிலுக்கு அதிகம் பயப்படுவது பிள்ளை.

பரமக்குடியில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்ந்த ஒன்று. விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. எமனேசுவரத்துத் தறிக்காரர்கள், முதுகுளத்தூர் சாலைக் கிராமங்களின் மிளகாய் விவசாயிகள், இளையான்குடி, அபிராமம் பக்கத்தில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் என்று எல்லோரும் வருவார்கள். கல்வி ஆலோசகர் என்று நான் போர்டு வைத்ததில்லை. ஆனால் படிவம் நிரப்புகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எங்கள் ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

வெளியிலிருந்து பார்க்க இது சின்ன வேலை. பெயர்க் கட்டத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு இருப்பது இனிஷியல். தேசிய அளவிலான படிவங்களில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம் கட்டாயமாக நிற்கும். அதில் அப்பா பெயரைப் போட்டால் ஆதாரோடு ஒத்துப் போகாது. இனிஷியலை மட்டும் போட்டால் சில தளங்கள் ஏற்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒரு பிள்ளை எத்தனை தேர்வுக்கு விண்ணப்பித்தாலும் அதையேதான் போடுவேன். அடுத்தது ஓடிபி. தகப்பன் அபுதாபியில் இருப்பார், பதிவு செய்த எண் அவருடையது. இங்கே காலை பதினொன்று என்றால் அங்கே ஒன்பதரை. அவர் சைட்டில் நிற்பார், போனை எடுக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியாகும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு பிறக்கும். "ஏண்ணே, இவ்வளவு பணம் கட்டிப் போடுறோமே, அந்த காலேஜ் எப்படிண்ணே?"

முன்பு இந்தப் பேச்சு நடந்த இடம் வேறு. 2018-இல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வரும் வரை, எங்கள் ஊர்க் குடும்பங்கள் சேது எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருப்பார்கள். காலியிடங்கள் திரையில் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சேலத்துக்காரரும் திருநெல்வேலிக்காரரும் சொல்வதுதான் தகவல். கலந்தாய்வு கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு என் கடை பெஞ்சுக்கு இடம் மாறியது. சேலத்துக்காரர் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

இங்கே அதிகம் விசாரிக்கப்படும் பெயர் வேலூரில் இருக்கும் விஐடி. 1984-இல் ஜி. விசுவநாதன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரிதான் அது. 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதே 1984-இல் தஞ்சைப் பக்கம் சண்முகா பொறியியல் கல்லூரி தொடங்கி, அதே 2001-இல் சாஸ்த்ரா ஆனது. தமிழ்நாட்டில் நாம் தனியார் பல்கலை என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட நிகர்நிலைப் பல்கலைகளைத்தான்.

விஐடியைப் பற்றி என் கடையில் ஒரு வாக்குவாதம் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் மகன் அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தவன். "லேசுல உள்ள போற எடம் இல்லப்பா. நாடு முழுக்க லட்சக்கணக்குல எழுதுறாங்க. எம் பையன் ராத்திரி பகலா படிச்சுத்தான் போனான்" என்பார். இன்னொரு பக்கம் அபுதாபியிலிருந்து திரும்பிவிட்ட ஒரு பாய். அவர் மகள் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தாள். "என்னத்த கஷ்டம்? பணம் கட்டுனா சீட்டு. எங்களுக்கே கெடச்சுச்சே" என்பார். இருவரும் நல்ல மனிதர்கள், இருவரின் பிள்ளைகளும் வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது அந்தப் பல்கலையின் கட்டண அட்டவணையைப் பார்த்தால் விளங்கும். நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்து ஐந்து கட்டணப் பிரிவுகள். முன்வரிசை ரேங்க்குக்கு முதல் பிரிவு, குறைந்த கட்டணம். ரேங்க் இறங்க இறங்கப் பிரிவு மாறும், கட்டணம் ஏறும். கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற பாடங்களில் ஐந்தாம் பிரிவு, முதல் பிரிவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு வருடத்துக்குக் கூட்டினால் வித்தியாசம் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பட்டம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் இரண்டு விதமான கடன்.

அண்ணாச்சி மகன் நுழைந்தது முதல் பிரிவில். பாய் மகள் நுழைந்தது ஐந்தில். அவளும் தேர்வு எழுதி ரேங்க் வாங்கித்தான் போனாள், சும்மா போகவில்லை. ஆனால் அவள் ரேங்க்குக்கு அந்த இடம் கிடைத்ததில் தகப்பனின் பதினைந்து வருடப் பாலைவனச் சம்பளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அவர் கண்ணுக்கு அது பணத்தின் இடமாகத் தெரிகிறது. அண்ணாச்சி கண்ணுக்கு மதிப்பெண்ணின் இடமாகத் தெரிகிறது. ஊரில் ஒரு பல்கலையைப் பற்றி நேர் எதிரான இரண்டு பேச்சு உலவினால், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நான் இப்போது நினைப்பதில்லை. எந்த வாசல் வழியாக நுழைந்தவர் பேசுகிறார் என்று பார்க்கிறேன்.

இந்தக் கட்டண ஏணியைக் குற்றமாக நான் சொல்லவில்லை. அட்டவணை வெளிப்படையாக இருக்கிறது, முன்கூட்டியே தெரிகிறது. கதவுக்குப் பின்னால் நன்கொடை பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 'கடுமையான தேர்வு உள்ள பல்கலை' என்ற பெயரை முதல் பிரிவுப் பிள்ளைகள் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள், அந்தப் பெயருக்கான விலையை ஐந்தாம் பிரிவுப் பெற்றோர் கட்டுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு கட்டுவது வேறு, தெரியாமல் நிலத்தை அடகு வைத்துக் கட்டுவது வேறு.

எல்லா இடமும் இப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. ராஜஸ்தானில் பிர்லா குடும்பம் நடத்திய கல்லூரிகள் 1964-இல் பிட்ஸ் பிலானி ஆயின. 2004 வரை அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. ஒவ்வொரு மாநில வாரியத்திலும் முதல் மதிப்பெண்ணை நூறாக வைத்து மற்றவர்களின் மதிப்பெண்ணை அதற்கு ஏற்பக் கணக்கிட்டுச் சேர்த்தார்கள். அரசு வாரியத்தில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு அது நேரான வழி. 2005-இல் பிட்சாட் வந்தது. கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு, ஆங்கிலம், தர்க்கம் எல்லாம் சேர்த்து. அங்கே ரேங்க் குறைந்தால் கூடுதல் பணம் கொடுத்து நுழைய முடியாது. ஆனால் எல்லோருக்குமான கட்டணமே மிக உயரம். பயிற்சி மையம் இல்லாத ஊரிலிருந்து அந்தத் தேர்வுக்குப் போவதும் லேசில்லை.

வேலூரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சிஎம்சி மருத்துவக் கல்லூரி. நீட் வருவதற்கு முன்பு அவர்கள் தாங்களே தேர்வு வைத்து, அழைத்து, நாள் கணக்கில் பிள்ளைகளைப் பார்த்து எடுத்தார்கள். மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்யும் மனம் இருக்கிறதா என்பதும் அங்கே ஒரு மதிப்பெண். 2017-இல் தங்கள் தேர்வு முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், நூறு எம்பிபிஎஸ் இடங்களில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நிரப்பினார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றைக்கும் பேசலாம். தேர்வு என்பது எதற்காக என்று அவர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது என்பதை மறுக்க முடியாது. 'ரொம்பக் கஷ்டமான இடம்' என்று யாராவது சொன்னால், எதில் கஷ்டம் என்று கேட்கச் சொல்வேன். மதிப்பெண்ணிலா, பணத்திலா, மனத்திலா?

இப்போது பெற்றோர் கையில் புதிதாக ஒரு ஆயுதம் இருக்கிறது. ரேங்க் பட்டியல். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் 2016 முதல் வருகிறது. வாட்ஸ்அப்பில் அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். 2024 பொறியியல் பட்டியலில் விஐடிக்கு 11-ஆம் இடம், பிட்ஸ் பிலானிக்கு 20-ஆம் இடம். இரண்டுக்கும் நடுவில் அண்ணா பல்கலை. ஆனால் தேர்வு எழுதும் பிள்ளைகளைக் கேட்டால் வரிசை வேறு மாதிரி இருக்கும். பிட்ஸில் இடம் கிடைத்தவன் அதை விட்டுவிட்டு வேறெங்கும் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கிண்டியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தவளும் அப்படித்தான்.

இரண்டு வரிசையும் மாறுவதற்குக் காரணம், அந்தப் பட்டியல் அளப்பது வேறு என்பதுதான். நூற்றுக்கு முப்பது ஆராய்ச்சிக்கு. முப்பது கற்பித்தலுக்கும் வசதிக்கும். இருபது பட்டம் பெற்று வெளியேறுவோருக்கு. பத்து எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் சேர்ப்பதற்கு. கடைசிப் பத்து, வேலை கொடுப்பவர்களும் கல்வியாளர்களும் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. பெயர் என்பதற்கே பத்து மதிப்பெண்! ஆராய்ச்சிக் கட்டுரை நிறைய வந்தால் ரேங்க் ஏறும். நம் பிள்ளையின் முதல் வருடக் கணக்கு வகுப்பு எப்படி நடக்கிறது என்பதை அது சொல்லாது. விவரங்களைக் கொடுப்பதும் அந்தந்த நிறுவனமே. இது பற்றிய வழக்கில் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பட்டியல் வெளியிட இடைக்காலத் தடை போட்டது. தடை நீங்கி அது செப்டம்பரில்தான் வந்தது. அதே வருடம் பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. இதையெல்லாம் பார்த்த பிறகு, பட்டியலின் முதல் பக்கத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதே என்ஐஆர்எஃப்-க்காக ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கும் விவரத் தாள் இருக்கிறதே, அது பொக்கிஷம். நிறுவனத்தின் இணையதளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடக்கும். ரேங்க்கைப் பார்ப்பவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதைத் திறப்பதில்லை. நான் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நான்கு வருடப் பட்டப்படிப்பு என்று ஒரு பகுதி வரும். முதல் வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஒரு எண். அதே வரிசையில் தள்ளி, குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று இன்னொரு எண். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அரியர் வைத்தவர்கள், நின்றுபோனவர்கள். ஊருக்குத் திரும்பி வந்தாலும் திருவிழாவில் கண்ணில் படாத பிள்ளைகள் அவர்கள். அடுத்து, வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர். அதற்குப் பக்கத்தில் மீடியன் சம்பளம்.

இந்த மீடியனை விளக்குவதற்குள் எனக்கு ஒரு காலத்தில் நாக்கு வறண்டுவிடும். விளம்பரத்தில் போடுவது உச்சச் சம்பளம், ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. சராசரி என்று போட்டாலும் அந்த ஒருவனின் சம்பளம் எல்லோரையும் மேலே இழுத்துவிடும். வேலை பெற்ற எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நட்டநடுவில் நிற்பவனைக் கேட்டால் அவன் சொல்வதுதான் மீடியன். இதை ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தபோது வத்தல் கடை அண்ணாச்சி குறுக்கிட்டார். "எங்க தொழில்ல தெனமும் பாக்குறதுதானப்பா. சாக்கோட மேல் வாயில நல்ல முண்டு வத்தலாப் பரப்பி வச்சிருப்பான். நான் நடுச்சாக்குல கைய விட்டு அள்ளிப் பாத்துத்தான் வெல சொல்லுவேன்." அதற்குப் பிறகு அந்த விளக்கத்தையே எல்லோருக்கும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சம்சாரிக்கு உடனே விளங்கிவிடும்.

அந்தத் தாளிலேயே இன்னொரு வரிசை இருக்கிறது. முழுக் கல்விக் கட்டணமும் திரும்பப் பெறுகிற பிள்ளைகள் எத்தனை பேர். அரசிடமிருந்து எத்தனை, நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து எத்தனை, முழுக் கட்டணம் திரும்பக் கிடைக்காதவர்கள் எத்தனை. ஏழைப் பிள்ளைகளுக்கு நாங்கள் அது செய்கிறோம், இது செய்கிறோம் என்று மேடையில் பேசுவதைச் சரிபார்க்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

வளாகம் என்று ஒரு சங்கதி இருக்கிறது. விஐடிக்கு 2010-இல் சென்னை வளாகம் வந்தது. 2017-இல் ஆந்திரத்தின் அமராவதியிலும் மத்தியப் பிரதேசத்தின் போபாலிலும் தொடங்கினார்கள். நான்குக்கும் ஒரே நுழைவுத் தேர்வு, ஒரே பெயர். ஆனால் அமராவதியும் போபாலும் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் தனிப் பல்கலைக்கழகங்கள். வேலூருக்குக் கிடைத்த ரேங்க் அவற்றுக்குச் சேராது. அங்கே படிப்பு மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை, புதிய இடத்தில் நல்ல இளம் ஆசிரியர்கள் இருக்கலாம். ஆனால் கல்யாண வீட்டில் 'எம் பையன் விஐடி' என்று யாராவது சொன்னால் எந்த ஊர், எந்தப் பாடம் என்று கேளுங்கள். பாடம் தெரியாமல் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வளாகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் மற்ற பாடங்களுக்கும் வேலை வாய்ப்பு ஒன்றாக இருப்பதில்லை.

இந்தப் பெயர் விவகாரம் மிக அதிகமாக வேலை செய்வது மே மாதத்தில்தான். பல தனியார் பல்கலைகளின் தேர்வு ஏப்ரல் வாக்கில் முடிந்துவிடும். மே, ஜூனிலேயே இடம் ஒதுக்கிப் பணம் கட்டச் சொல்வார்கள். அரசுக் கலந்தாய்வு ஜூலையில்தான் சூடுபிடிக்கும். நடுவில் இருக்கும் இரண்டு மாதமும் பெற்றோருக்குப் பயம். கையில் இருக்கும் இடத்தை விட்டால் ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் பெரிய பெயர் ஒரு ஆறுதல். 195 கட் ஆஃப் வைத்திருக்கும் பிள்ளைக்குக்கூட மே மாதத்தில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள்.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது, பணம் கட்டிவிட்டதாலேயே அங்கேதான் சேர வேண்டும் என்பதில்லை என்பதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2024-25 கல்வியாண்டுக்கு வகுத்த விதிப்படி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடிக்கலாம். ஒவ்வொரு வருடமும் அந்த ஆண்டுக்கான அறிவிப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வேன். விதி இருந்தாலும் எல்லா நிறுவனமும் உடனே திருப்பித் தந்துவிடுவதில்லை. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு தறிக்காரரின் பணத்தைத் தீபாவளி தாண்டியும் தரவில்லை. அசல் சான்றிதழையும் வைத்துக்கொண்டது. நாங்கள் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டு, விதியின் நகலை இணைத்து, மானியக் குழுவின் புகார்த் தளத்தில் பதிவு செய்த பிறகுதான் பணம் வந்தது. அவர் வீட்டில் அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை. அவரே நெய்கிற பட்டுச் சேலை அந்த வருடம் யார் யார் வீட்டுக்கோ போனது.

எமனேசுவரத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் தறி, தாய் ராட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. மதுரையில் இருக்கும் தாய்மாமன், பெரிய பல்கலையில் சேர்த்தால்தான் எதிர்காலம் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடனுக்கு அவரே ஜாமீன் என்றார். பாசத்தில் சொன்னதுதான், குறை சொல்ல முடியாது. அவளுக்குக் கிடைத்த ரேங்க்குக்கு அதிகக் கட்டணப் பிரிவுதான் வந்திருந்தது. நான் அவரை உட்கார வைத்து ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். ஒரு பத்தியில் நான்கு வருடக் கட்டணம், விடுதி, வட்டி. மறு பத்தியில், 2021-இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பார்த்துக்கொள்ளும். அதற்குக் கலந்தாய்வு வழியாகத்தான் போக வேண்டும், நிகர்நிலைப் பல்கலையில் நேரடியாகச் சேர்ந்தால் கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். தாளைப் பார்த்துவிட்டு மாமா வெகுநேரம் பேசவில்லை. "அப்ப இந்தப் பெரிய பேரு?" என்று மட்டும் கேட்டார். "காரைக்குடியும் பெரிய பேருதாண்ணே. 1952-லேருந்து நடக்குது. நம்மகிட்ட விளம்பரம் பண்ண வரல, அவ்வளவுதான்" என்றேன். அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியைத்தான் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அங்கேதான் சேர்ந்தாள்.

அதே சமயம், தனியார் என்றாலே பணம் பிடுங்குகிற இடம் என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களோடும் நான் சண்டை போடுகிறேன். விஐடியில் ஸ்டார்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து முதலிடம் பெறும் ஒரு மாணவனுக்கும் ஒரு மாணவிக்கும் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் அது உண்டு. தகுதி இருந்தும் "அது பணக்காரங்க காலேஜ்ணே" என்று விண்ணப்பிக்காமலே விட்ட வீடுகளை எனக்குத் தெரியும். கெட்ட பெயர் பரவினால் பணக்காரப் பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். வதந்தியை நம்பி நின்றுவிடுவது ஏழைப் பிள்ளைதான். முதல் பிரிவு ரேங்க் வந்த பிள்ளையையும் நான் தயங்காமல் போகச் சொல்வேன். பாடங்களையும் ஆசிரியரையும் நேரத்தையும் மாணவனே தேர்ந்தெடுக்கும் முறை அங்கே இருக்கிறது, பல மாநிலத்துப் பிள்ளைகளோடு பழக வாய்ப்பு இருக்கிறது. பரமக்குடியிலிருந்து போகும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

பெயர் நிலையானது என்று நினைப்பவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலையைச் சொல்வேன். 1929-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வாத்தியார்கள் பலர் அங்கே படித்தவர்கள், அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும். அடுத்த தலைமுறைக்கு அது அஞ்சல் வழியில் பட்டம் வாங்கும் இடமாகத் தெரிந்தது. 2013-இல் நிதி நெருக்கடி முற்றி மாநில அரசே எடுத்துக்கொண்டது. தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் பற்றி மூன்று விதமாகப் பேசியதை என் கடையிலேயே கேட்டிருக்கிறேன். மூவரும் தங்கள் காலத்து அண்ணாமலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

இப்போது கல்லூரியின் பெயர் வங்கிக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குறிப்பிட்ட நிறுவனங்களில் சேரும் பிள்ளைக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் மூன்று சதவீதம் சலுகை. எந்த நிறுவனம் என்பதைப் பெரும்பாலும் என்ஐஆர்எஃப் ரேங்க் தீர்மானிக்கிறது, முதல் பட்டியலில் 860 நிறுவனங்கள். நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி திறக்கும். ஆனால் அடமானம் கேட்காத கடன் என்றதும் கடன் என்பதே மறந்துவிடுகிறது எங்கள் ஆட்களுக்கு. படித்து முடித்த மறுவருடம் தவணை தொடங்கும். அந்தத் தவணையை மீடியன் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டாமல் நான் வித்யாலட்சுமி தளத்தைத் திறப்பதில்லை.

வத்தல் கடை அண்ணாச்சியும் அபுதாபி பாயும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் என் வேலைக்கு இருவரும் பெரிய உதவி. விசாரிக்க வருகிறவர்களுக்கு இருவரின் எண்ணையும் கொடுக்கிறேன், இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் மறுபடியும் அனுப்பிவிடுவேன். போன ஜனவரியில் பார்த்திபனூர் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி மகனோடு வந்தார். இருவரிடமும் பேசிவிட்டு வந்து, ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். இரண்டாம் பிரிவு வரைக்கும் ரேங்க் வந்தால் நிலத்தைத் தொடாமல் சேர்ப்பேன், அதற்கு மேல் போனால் அரசுக் கலந்தாய்வு என்று எழுதி மகன் கையில் கொடுத்தார். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மகன் இரண்டு முறை படித்துவிட்டு, "எலெக்ட்ரிகல் கெடச்சாலும் காரைக்குடி போறேம்ப்பா" என்றான். அதற்குப் பிறகுதான் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டினோம்.